காலுக்குத் துடுப்பு கட்டிய கதை

மின்னலை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின் நீச்சலையும் விட்டுவைக்கவில்லை! 1706-இல் பாஸ்டனில் பிறந்த அவர், சிறுவயதிலேயே கைகளுக்கு முட்டை வடிவப் பலகைகள் செய்து நீந்திப் பார்த்தார். வேகம் கூடியது, மணிக்கட்டு ஓய்ந்தது. பாதத்திலும் பலகை கட்டினார். திருப்தி இல்லை. உள்ளங்கால் மட்டுமல்ல, பாதத்தின் உட்புறமும் கணுக்காலும் சேர்ந்தே நீரைத் தள்ளுகின்றன என்று கண்டுகொண்டார். வளையாத மரம் அதற்கு உதவுமா?

ரப்பர் உதவியது. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி டி கோர்லியு 1933-இல் நீச்சல் துடுப்புக்குக் காப்புரிமை பெற்றார். அவரிடம் உரிமம் வாங்கி 1940-இல் அமெரிக்காவில் விற்றவர் ஓவன் சர்ச்சில். (1932 ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் தங்கம் வென்றவர், அரசியல்வாதி சர்ச்சில் அல்ல!) முதல் ஆண்டில் 946 ஜோடிகளே விற்றன. பிறகு உலகப்போருக்காகக் கடற்படைகள் வாங்கின.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களுக்கு இது தேவைப்படவில்லை. கல் கீழே இறக்கியது, கயிறு மேலே இழுத்தது. இன்று மூச்சடக்கி மூழ்குபவருக்கோ இரண்டு வழிக்கும் கால்தான். அதனால்தான் அவர்களுடைய துடுப்பு அவ்வளவு நீளம்.

முதல் ஜோடி வாங்குபவர் தடுமாறுவதும் இங்கேதான். போட்டியாளர் அணியும் விறைப்பான தகடு கண்ணைப் பறிக்கும். ஆனால் அதை வளைக்கத் தொடை உழைக்க வேண்டும். அந்த உழைப்புக்கான ஆக்சிஜன், மேலே இழுத்த ஒரே மூச்சிலிருந்துதான் வரவேண்டும். எளிதில் வளையும் பிளாஸ்டிக் தகடு போதும். பாதம் நுழையும் பகுதி இறுக்கினால் தசை பிடித்துக்கொள்ளும். தளர்ந்தால் குதிகால் ஆடி உதை வீணாகும். தகட்டின் விலையைப் பார்க்குமுன் அதைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும், காலுறையோடு.