சாவியைத் திருப்பிக் கொடுக்கும் முன்



வாடகை வீடு மாறினால் முகவரிதான் மாறும் என்று நினைக்கிறோம். உரிமையும் மாறும் என்பதற்கு இங்கிலாந்தின் கதை ஒரு பாடம்.

அங்கே உள்ளாட்சி மன்றங்கள் வாடகைக்கு விடும் வீடுகளை ‘கவுன்சில் வீடு’ என்பார்கள். 1980ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் அவற்றில் குடியிருப்போருக்குப் பாதுகாப்பு தந்தது: சட்டம் சொல்லும் காரணத்தை நீதிமன்றத்தில் காட்டாமல் காலி செய்யவைக்க முடியாது. குடியிருப்பவர் இறந்தால், உடன் வசித்த கணவனோ மனைவியோ அதே வீட்டில் தொடரலாம்.

தனியார் வீடுகளுக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டம் குறுகிய கால ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. 1997 பிப்ரவரி 28 முதல் அதுவே வழக்கமான ஒப்பந்தம் ஆனது. ஒப்பந்தக் காலம் முடிந்தபின், காரணம் எதுவும் சொல்லாமல், இரண்டு மாத நோட்டீஸில் வீட்டைக் கேட்க முடிந்தது. வேலைக்குப் பக்கம், பெரிய வீடு என்று கவுன்சில் வீட்டை விட்டுப் போனவர்களோடு பழைய பாதுகாப்பு போகவில்லை. இருபது ஆண்டு ஒழுங்காக வாடகை கட்டியிருந்தாலும் அது கணக்கில் வரவில்லை.

2025ஆம் ஆண்டுச் சட்டத்தால், 2026 மே 1 முதல் காரணமில்லாத நோட்டீஸ் செல்லாது. ஆனால் வீட்டை விற்கப்போவதாகச் சொல்லி, முதல் ஆண்டு முடிந்தபின் காலி செய்யும்படி நான்கு மாத நோட்டீஸ் கொடுக்கலாம்.

உரிமை ஆளோடு வருவதில்லை; ஒப்பந்தத்தோடு இருக்கிறது. நீங்கள் எங்கே வீடு மாறினாலும், பழைய சாவியைக் கொடுக்கும் முன் புதிய ஒப்பந்தத்தை முழுக்கப் படியுங்கள்.