பத்துமலை இருட்டுக் குகையில் ஒரு சாரை

பத்துமலைப் படிகளில் ஏறுவோர் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் இருட்டுக் குகை. கோயில் குகையை எட்டுவதற்குச் சற்று முன்பே அதன் வாசல் வந்துவிடும். உள்ளே சுமார் 2 கிலோமீட்டர் நீளமுள்ள பாதைகளில் வௌவால்களோடு ஒரு பாம்பும் குடியிருக்கிறது. அதுதான் குகைச் சாரை. இதற்கு நஞ்சு கிடையாது.

சீனா, தைவான், ஜப்பானின் தென்கோடித் தீவுகள் தொடங்கி வியட்நாம், தாய்லாந்து, மலேசியா வரை பரவியுள்ள சாரை இனம் ஒன்றின் உள்ளூர்க் கிளை இது. 1861-ல் இந்த இனத்துக்கு இடப்பட்ட அறிவியல் பெயர் 'டேனியூரா'. நாடா போன்ற வால் என்பது அதன் பொருள். கருத்த வாலின் நடுவே ஓடும் வெளிர் கோட்டைப் பார்த்தால் பெயர்க் காரணம் புரியும். முன்னுடல் வெளிர் மஞ்சள். கண்ணை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு. 2 மீட்டரையும் தாண்டி வளரும்.

மலாயாக் கிளைக்கு 1899-ல் சூட்டப்பட்ட பெயர் 'ரிட்லி'. சிங்கப்பூர் பூமலைத் தோட்டத்தின் இயக்குநராக இருந்து, ரப்பர் பயிரிடும்படி தோட்ட முதலாளிகளை விடாமல் நச்சரித்த அதே ரிட்லிதான்! மரத்துக்குக் கேடில்லாமல் பால் சீவும் முறையைக் கண்டவரும் அவரே. நம் முன்னோர் பால்மரக் காட்டுக்கு வந்த கதையில் அவருக்குப் பங்குண்டு. அவர் பெயரில் ஒரு பாம்பு இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதன் வேட்டை வியப்பானது. கும்மிருட்டில் சுண்ணாம்புப் பாறைச் சுவரைப் பற்றி ஏறி, பறந்து செல்லும் வௌவாலைக் கவ்விப் பிடிக்கும்; உடலால் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும். குகையில் கூடு கட்டும் உழவாரக் குருவிகளும் இதற்கு இரை. குகைக்கு வெளியே வாழும் இதன் உறவினங்கள் எலிகளையே பெரிதும் நம்பியிருக்கின்றன.

சாரை நாகத்தோடு இணைசேரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மையல்ல, இரண்டும் வெவ்வேறு இனங்கள். பின்னிப் பிணைந்து நிற்பவை பெரும்பாலும் சண்டையிடும் இரண்டு ஆண் சாரைகளே. ஆனால் இந்த நம்பிக்கையால் அடிபட்டுச் சாகும் சாரைகள் ஏராளம். மிரண்டால் சாரை கழுத்தை வளைத்துத் தூக்கும், வாலைப் படபடவென ஆட்டும், கடிக்கவும் செய்யும். ஆனால் நாகத்தைப் போல் படம் விரிக்காது.

வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் கம்பைத் தேடாமல் விலகி நின்று 999-ஐ அழையுங்கள். கடித்தது எந்தப் பாம்பு என்று உறுதியாகத் தெரியாதபோது, சாரையாகத்தான் இருக்கும் என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.