பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி

மலாயாவுக்குக் கப்பலேறி வந்த நம் முன்னோரின் உழைப்பைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கின்றது. அவர்தம் பிள்ளைகளின் கைக்கு எழுத்துப் பலகை வந்து சேர்ந்த கதையை எழுதியோர் சிலரே. நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அக்கதையைச் சுருக்கமாகவேனும் பதிவுசெய்ய விழைகின்றேன். நம்முள் பலர் 'அ' எழுதிப் பழகிய இடம் தோட்டப்பள்ளியே ஆகும்.

இந்நாட்டில் தமிழ்க்கல்வியின் தொடக்கத்தை 1816ஆம் ஆண்டில் பினாங்கில் காண்கின்றோம். அதன் இருநூறாம் ஆண்டினை 2016இல் கொண்டாடினோம். எனினும் அது துறைமுக நகரத்துக் கல்வி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகி, கங்காணிகள்வழித் தமிழ்க் குடும்பங்கள் வந்திறங்கியபோது, காட்டை அழித்து எழுந்த லயங்களில் பிள்ளைகளும் பெருகினர். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என விதித்தது.

இவ்விதியைக் கருணையின் விளைவு என்று மட்டும் கொள்வதற்கில்லை. இந்திய அரசு 1922இல் குடிபெயர்வுச் சட்டத்தை இயற்றித் தொழிலாளர் நலனைக் கேள்விக்குட்படுத்தத் தொடங்கியிருந்தது. பள்ளி இருந்தால் குடும்பங்கள் நிலைத்துத் தங்கும் என்பது துரைமார் கணக்கு. ஆகவே பள்ளி எழுந்தது. ஆனால் அது எத்தகைய பள்ளி? பல தோட்டங்களில் ஒரே அறை, ஒரே ஆசிரியர், நான்கு வகுப்புகள். சில இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். பிள்ளை வளர்ந்து மீண்டும் பால்மரத்துக்கே செல்லும் என்ற எண்ணத்தில் அமைந்த கல்வி அது.

இருப்பினும் எழுத்து, கொடுத்தவரின் கணக்குக்கு அடங்குவதில்லை. என் தாயார் தோட்டப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆளில்லை. அம்மூன்றாண்டுப் படிப்பைக் கொண்டு அவர் சம்பளச் சீட்டைத் தாமே வாசித்தார். ஒரு மாதம் இரண்டு நாள் பேர் குறைந்திருப்பதைக் கண்டு கேட்கப் போனார். "ஒனக்குப் படிக்கத் தெரியுமா?" என்றாராம் அங்கிருந்தவர். "தெரியுங்க ஐயா, அதனாலதான் வந்தேன்" என்று அம்மா சொன்னதை எங்கள் லயத்தில் நெடுநாள் பேசிக்கொண்டார்கள். என்னைப் படிக்கவைக்க வேண்டும் என்ற உறுதி அன்றே தமக்கு வந்ததென்று அவர் பின்னாளில் கூறினார்.

போருக்குப் பின் வந்த ஆண்டுகளில் தமிழ்ப்பள்ளியின் இருப்பே வினாவாயிற்று. 1951இன் பார்ன்ஸ் அறிக்கை, மலாயும் ஆங்கிலமும் பயிற்றுமொழிகளாகும் தேசியப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. தமிழரும் சீனரும் எதிர்த்தனர். 1956இன் ரசாக் அறிக்கைக்குப்பின் தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் நாட்டின் கல்வி முறைக்குள் இடம்பெற்றன. ஆயின் தமிழ்வழி இடைநிலைக் கல்விக்கு அதில் இடமில்லை. தமிழ்ப்பள்ளி மாணவர் இடைநிலைப் பள்ளிக்குள் நுழைய, மொழிப்பயிற்சிக்கெனப் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகக் கழிக்கவேண்டியதாயிற்று. அவ்வாண்டு பலருக்குப் படிப்பின் இறுதியாண்டாக முடிந்தது. நானும் அவ்வகுப்பில் அமர்ந்தவள். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பேசிய மொழி பள்ளி வாசலில் செல்லாக்காசாகும் உணர்வை அங்கே அறிந்தேன். என்னோடு அமர்ந்த தோழியர் சிலர் ஆண்டு முடியுமுன்பே தொழிற்சாலைக்குச் சென்றுவிட்டனர்.

இவ்விடத்தில் மற்றொரு நிகழ்வை நினைவுகூர வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கப்பட்டது. அதில் தமிழுக்கு முதன்மை வேண்டும் எனத் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி இயக்கம் நடத்தினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற அவ்வியக்கத்துக்குச் சாதாரண உழைப்பாளிகளும் நிதி தந்தனர். பல்கலைக்கழக வாசலை மிதித்திராதவர்கள் அங்கே தமிழ் நூல்கள் சேரக் காசு கொடுத்தார்கள்! தனிநாயகம் அடிகள் 1961இல் அத்துறைக்கு வந்தார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது. நான் பட்டம் பெற்ற நாளில் என் தகுதியை மட்டும் எண்ணி மகிழ்ந்தேன். இவ்வரலாற்றைப் படித்தபின்பே, என் படிப்புக்கு முன்பணம் கட்டியவர்கள் முகமறியாத பலர் என்று உணர்ந்தேன். தமிழ் கற்பிப்பதைத் தொழிலாக மட்டும் கருத அதன்பின் இயலவில்லை.

1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530ஐ ஒட்டி நிற்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பின்னர் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் நிலம் போயிற்று, மக்கள் நகரோரம் சென்றனர். சில பள்ளிகள் மக்களோடு இடம்பெயர்ந்தன, சில மூடப்பட்டன. மூடிய பள்ளியோடு அதன் வருகைப் பதிவேடும், அங்கே கற்பித்தவரின் பெயரும் மறைந்தன. அறிக்கைகளை இயற்றியோர் பெயர்கள் ஆவணங்களில் உள்ளன. என் தாயாருக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் யாரென்று தேடிப் பார்த்தேன். 'பெரிய வாத்தியார்' என்பதற்கு மேல் அம்மாவுக்கும் நினைவில்லை.

ஆதலின் நம் வட்டத்துக் கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கின்றேன். பால்மரத்தையும் லயத்தையும் நாம் நிறையவே பாடியிருக்கின்றோம். நமக்கு முதலெழுத்தைக் காட்டியவரின் பெயர், பள்ளி, தோட்டம், ஆண்டு ஆகிய நான்கையும் ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதித் தருவோமாக. மூத்த உறுப்பினர்கள் நம்மிடையே இருக்கும்போதே இப்பணி நடைபெற வேண்டும். அத்தாள்களைத் தொகுக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கின்றேன்.