முதன்மைக் குற்றிழையும் இலக்குசார் புற்றுநோய் மருந்துகளும்
பெரும்பாலான மனித உயிரணுக்களில் ஒற்றையாக நீண்டிருக்கும் நுண்ணிழையான முதன்மைக் குற்றிழை, வெளிச் சமிக்ஞைகளை வாங்கும் ஆன்டெனா. அடித்தள உயிரணுத் தோல் புற்றுக்கு அமெரிக்காவில் 2012இல் ஒப்புதல் பெற்ற விஸ்மோடெகிப், இவ்விழைக்குள் சேர்ந்து, அப்புற்றை வளர்க்கும் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையைக் கிளப்பும் ஸ்மூத்தன்ட் புரதத்தை முடக்குகிறது. அப்படியானால் இழையையே அழித்துவிடலாமே என்று தோன்றும். 2009இல் வெளியான எலி ஆய்வுகள் அதற்கு இடம் தரவில்லை: ஸ்மூத்தன்ட் பிறழ்வால் வந்த கட்டிகள் இழையை நீக்கியதும் அடங்கின, அடுத்த படியிலுள்ள ஜிஎல்ஐ2 புரதத்தால் வந்தவையோ வேகமெடுத்தன. ஆக, பிறழ்வு எந்தப் படியில் என்பதே முக்கியம்.

பல புற்றணுக்களில் இழையே இல்லை, பிறகென்ன கவலை என்பது மற்றொரு மறுப்பு. இல்லாமையும் ஒரு தந்திரமாகலாம்: இழையை இழந்த தோல் புற்றணுக்கள் ஸ்மூத்தன்ட் தடுப்பிகளுக்கு மசியாமல் வேறு சமிக்ஞைப் பாதைக்குத் தாவுகின்றன. கைனேஸ் நொதிகளை முடக்கும் மருந்துகளான கைனேஸ் தடுப்பிகளிலோ கதை நேர்மாறு. 2018இல் வெளியான ஆய்வில், எதிர்ப்புப் பெற்ற அணுக்களில் இழைகள் பெருகியோ நீண்டோ இருந்தன, அவற்றைத் தடுத்தபோது மருந்தின் பிடி ஓரளவு திரும்பியது.