பெயருள்ள கல்லும் பெயரற்ற கல்லும்

ஆங்கிலப் பள்ளிகளிற் பயின்றவர்களுக்குப் பொதுவாக ஒரு குறை உண்டு. கடல் கடந்த நாடுகளின் மலையும் ஆறும் அவர்களுக்கு மனப்பாடம். தம் ஊருக்கு அடுத்த மேட்டின் வரலாறு மட்டும் தெரியாது. இக்குறைக்கு நாமும் விலக்கல்லோம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துப் பாலைநிலத்தில் ஜோஷுவா மரப் பூங்கா என்றொரு பெரும் பூங்கா இருக்கிறது. 1936ஆம் ஆண்டு தேசிய நினைவிடமாகக் காக்கப்பெற்று, 1994இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்ட இடம் அது. அங்குள்ள பாறைகளின் விந்தைத் தோற்றத்தைக் காணவே உலகின் பல பகுதிகளினின்றும் மக்கள் செல்கின்றனர். மண்டையோடு போன்ற பாறையொன்றும் அங்குண்டு. அப்பாறைகளின் படங்களை இளமையில் வியந்து வியந்து பார்த்திருக்கிறோம். ஆனால், நாம் பிறந்து வளர்ந்து தொழில் புரியும் நெகிரி செம்பிலானிலேயே, லிங்கி ஆற்றுக்கு அருகே, அவற்றினும் விந்தையான கற்கள் நிற்கின்றன என்பதை முப்பது வயது கடந்த பின்னரே அறிந்தோம். அறிந்த பின்னும் சென்று பார்க்கச் சில ஆண்டுகள் ஆயின. தோட்டத்துக் கிராணி வேலையில் ஞாயிற்றுக்கிழமையும் எப்பொழுதும் நம்முடையதன்று.

சென்ற ஞாயிறொன்றில் வாய்ப்புக் கிட்டியது. போர்ட் டிக்சன் வட்டாரத்தைச் சேர்ந்த அவ்வூரின் பெயர் பெங்காலான் கெம்பாஸ். பெங்காலான் என்பது மலாய் மொழியில் படகுத்துறை. கெம்பாஸ் என்பது ஒரு காட்டு மரம். இன்று அங்கே துறைக்குரிய ஆரவாரம் ஒன்றுமில்லை. ஆயினும், ஒரு காலத்தில் சுங்கை ஊஜோங்கின் ஈயம் லிங்கி ஆற்று வழியாகவே கடலுக்குச் சென்றது. அவ்வாற்றிற் செல்லும் படகுகளுக்கு யார் சுங்கம் வாங்குவது என்னும் பூசல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலகாலம் நடந்தது. 1874இல் ஆங்கிலேயர் சுங்கை ஊஜோங்கில் தலையிட்டதற்கு அப்பூசலும் ஒரு காரணமாயிற்று. ஆகவே, இக்கற்கள் வழிப்போக்கர் காணாத காட்டில் நட்டவையல்ல. நாலுபேர் வந்து போகும் நீர்வழியின் கரையில் நட்டவை என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும்.

அங்கே முதன்மையாக நிற்பன மூன்று கற்கள். ஆளுயரத்தையும் கடந்து நிமிர்ந்து நிற்கின்றன. ஒன்றை வாள் என்றும், ஒன்றைக் கரண்டி என்றும், ஒன்றைப் படகின் சுக்கான் என்றும் மலாய் மக்கள் அழைக்கின்றனர். வடிவத்தை நோக்கின் அப்பெயர்கள் பொருந்துகின்றன. கற்களின் மேல் செதுக்கு வேலைகள் உள. வாள் எனப்படும் கல்லில் அல்லாஹ் என்னும் திருப்பெயர் அரபு எழுத்தில் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அருகே ஷேக் அகமது மஜ்னூன் என்பாரின் சமாதி. அதனையொட்டி எழுத்துப் பொறித்த தூண்கல் ஒன்று நிற்கின்றது.

புல் வெட்டிக்கொண்டிருந்த மலாய்ப் பெரியவர் ஒருவரை அணுகி, “பாக் சிக், இக்கற்களுக்கு என்ன பெயர்?” என்று வினவினோம்.

“பத்து ஹிடுப்,” என்றார் அவர். உயிருள்ள கல் என்பது பொருள். “என் சிறுவயதில் இவை இவ்வளவு உயரமில்லை. கல் வளர்கிறது, தம்பி.”

எழுத்துக் கல்லில் உருண்டையான துளை ஒன்று உளது. அதனுள் கையை விட்டு ஆணையிட வேண்டும் என்றும், பொய் சொன்னவன் கையைக் கல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்றும் ஒரு கதை வழங்குகிறது. நாமும் கையை விட்டோம். தடையின்றி வெளியே எடுத்தோம். அதனால் நாம் பொய்யே அறியாதவர் என்பது உறுதிப்பட்டுவிடாது! கணக்குப் புத்தகமும் கையுமாய் வாழ்பவனுக்கு அவ்வளவு பெருமை எங்கே?

கல் வளருமா? வளராது. ஆனால், முதியவர் பொய் சொல்லவில்லை. இந்நாட்டு மழை மேட்டு மண்ணை ஆண்டுதோறும் அரித்துக்கொண்டு போகின்றது. மண் இறங்க இறங்கக் கல்லின் அடி வெளிப்படும். பார்ப்பவன் கண்ணுக்குக் கல் ஏறியதாகத் தோன்றும். முன்னே சொன்ன அமெரிக்கப் பாலைப் பாறைகளின் கதையும் இதுவே. பூமிக்குள் உருகிய குழம்பு இறுகிப் பாறையாயிற்று. பாறையில் வெடிப்புகள் விழுந்தன. மண்ணுக்கடியில் ஓடிய நீர் அவ்வெடிப்புகளில் நுழைந்து மூலை முடுக்குகளைத் தின்று உருட்டியது. பின்னர் வெள்ளம் மேல்மண்ணை வாரிச் செல்லவே, உருண்ட பாறைகள் வெளியே நின்றன. அங்கும் கல் வளரவில்லை, மண்ணே குறைந்தது. கண்ணாற் கண்டது மெய்யாக இருக்கலாம். கண்டதற்குக் கற்பித்த காரணம் பொய்யாக இருக்கலாம். பகுத்தறிவின் வேலை இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதேயன்றி, கண்டவனை எள்ளுவதன்று.

ஆயினும், அமெரிக்கப் பாறைக்கும் லிங்கிக் கரைக் கல்லுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்குள்ள உருவங்கள் தாமாக அமைந்தவை. அவற்றுக்கு வரலாறு வேண்டின் நிலநூலைத்தான் கேட்க வேண்டும். இங்குள்ளவை மனிதன் எண்ணிச் செதுக்கித் தூக்கி நிறுத்தியவை. ஏன் நிறுத்தினான்? யாருக்காக நிறுத்தினான்?

இக்கேள்விக்கு அந்த எழுத்துக் கல்லே ஓரளவு விடை கூறுகிறது. ஐவர் எவான்ஸ் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர் இவ்விடத்தை அகழ்ந்து ஆராய்ந்து 1921இல் கட்டுரை வெளியிட்டார். அக்கல்லில் இருவகை எழுத்துகள் உள்ளன. ஒன்று அரபு வரிவடிவிலமைந்த ஜாவி. மற்றொன்று தென்னிந்திய எழுத்தின் வழித்தோன்றலாய்த் தீவுகளில் வளர்ந்த காவி மரபைச் சேர்ந்தது. ஜாவியில் ஹிஜ்ரி 872ஆம் ஆண்டு குறிக்கப்பட்டிருக்கிறது; அது கிறிஸ்து ஆண்டு 1467–68. மற்ற எழுத்தில் சக ஆண்டு 1385 காணப்படுகிறது, அது 1463–64. நான்காண்டு வேற்றுமைக்கு அறிஞர் பலவாறு காரணம் கூறுவர். எவ்வாறாயினும், மலாக்காவில் சுல்தான் மன்சூர் ஷா ஆட்சி புரிந்த காலம் அது. இஸ்லாம் இந்நாட்டில் வேரூன்றிவிட்டது. பழைய எழுத்தும் பழைய ஆண்டுக் கணக்கும் இன்னும் மறையவில்லை. புதியதை ஏற்ற மக்கள் பழையதை உடைத்தெறியாமல் ஒரே கல்லில் இரண்டையும் எழுதி வைத்தனர். இதனைக் காணும்போது, மொழிக்கும் மதத்திற்கும் இன்று நடக்கும் சண்டைகள் எவ்வளவு சிறியன என்று தோன்றுகிறது!

சமாதியில் உறங்கும் அகமது மஜ்னூன் யார்? சமய ஞானி என்பது மக்கள் வழக்கு. சுல்தானை எதிர்த்துக் கிளர்ந்து மடிந்த வீரர் எனக் கருதுவாரும் உளர். இரண்டில் எது மெய்யாயினும், ஒன்று உறுதி. ஐந்நூறு ஆண்டு கடந்தும் அவருடைய பெயர் அழியவில்லை. எவரோ ஒருவர் அதனைக் கல்லில் எழுதினார் என்பதே காரணம்.

எழுதாத கற்களின் நிலை வேறு. நெகிரி செம்பிலானிலும் அண்டையிலுள்ள மலாக்காவின் அலோர் காஜா வட்டாரத்திலும் இத்தகைய நெடுங்கற்கள் பல இடங்களில் நிற்கின்றன. நெகிரி செம்பிலான் மலாய் மக்களின் முன்னோர் வந்த மேற்குச் சுமாத்திராவின் மினாங்கபாவ் நாட்டிலும், மகாத் பள்ளத்தாக்கில் நெடுங்கற்கள் கூட்டங்கூட்டமாக உள்ளன. இரண்டையும் ஒப்பிட்டு உறவு காண்பது ஆராய்ச்சியாளர் வேலை. ஆனால், பெயர் பொறிக்காத இக்கற்களை நட்டவர் யார், யார் நினைவாக நட்டார் என்று கேட்டால், ஊரார் கதைகளே விடையாக வருகின்றன. நினைவு போன இடத்தில் கதை வந்து அமர்கின்றது.

இதனைக் கூறி மலாய் மக்களுடைய நம்பிக்கையைக் குறை கூறுவது நம் கருத்தன்று. நம் வீட்டுக் குப்பையை விட்டுவிட்டு அடுத்த வீட்டு வாசலைப் பெருக்கப் புகுவது நன்றன்று. கல்லை நட்டுப் பெயரை மறந்த கலையில் தமிழரை மிஞ்ச யாருளர்?

போரில் மாண்ட வீரனுக்குக் கல் நடுதல் தமிழரின் மிகப் பழைய வழக்கம். தொல்காப்பியம் அதனைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலையாக வகுக்கிறது. தக்க கல்லைத் தேர்வது தொடங்கி அதனை வாழ்த்துவது ஈறாக எல்லாவற்றுக்கும் முறை வகுத்த இனம் நம்முடையது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுத்த நடுகற்களில் பழந்தமிழ் எழுத்திலேயே செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. ஆநிரை கவரும் போரில் இறந்தவனைப் பற்றியது அவற்றில் ஒன்று. அரசனுக்கு மட்டும் எழுத்து என்றில்லாமல், மாட்டுப் பூசலில் மாண்ட ஊரானுக்கும் எழுத்து வெட்டிய காலம் அது. செங்கம் வட்டாரத்தில் இத்தகைய கற்கள் மிகுதியாகக் கிடைத்தன. தமிழ்நாட்டுத் தொல்பொருள் துறை 1972இல் அவற்றைத் தொகுத்து நூலாக வெளியிட்டது.

பின்னர் என்னாயிற்று? எழுத்தைப் படிப்பார் குறைந்தனர். கல்லுக்கு எண்ணெயும் மஞ்சளும் ஏறின. தருமபுரி, செங்கம் பக்கங்களில் பல நடுகற்கள் இன்று வேடியப்பன் என்னும் தெய்வமாக வழிபடப்பெறுகின்றன. படையலும் பலியும் குறைவின்றி நடக்கின்றன. ஆனால், அங்கே நிற்பவன் இன்ன ஊரான், இன்னார் மகன், இன்ன காரியத்திற்காக உயிர் கொடுத்தான் என்பதைப் பூசாரியும் அறியான். மனிதனைத் தெய்வமாக்கினோம், மனிதனை இழந்தோம். கடல் கடந்து வந்தபோதும் இவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. காட்டை அழித்துப் பால்மரம் நட்ட தோட்டங்களில் ஒரு கல்லை மரத்தடியில் வைத்து முனியாண்டி என்றோம். ஆண்டுதோறும் கிடா வெட்டினோம். அக்காட்டை அழித்தவன் காய்ச்சலில் மடிந்தபோது அவன் தலைமாட்டில் ஒரு கல் வைத்தோமா? பெரும்பாலான தோட்டத்து இடுகாடுகளில் ஒரு மண்மேடே அடையாளம். அதுவும் இரண்டு மழைக்கு மேல் நில்லாது.

இக்குறை மிகக் கொடியதாய்த் தெரிவது சயாம் மரண ரயில் செய்தியில். ஜப்பானியர் 1942–43ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போட்டனர். மலாயாத் தோட்டங்களினின்று தமிழர் பெருந்திரளாகக் கொண்டு செல்லப்பட்டனர். அப்பாதையில் ஏறத்தாழ 13,000 போர்க் கைதிகள் மாண்டனர். மாண்ட ஆசியத் தொழிலாளரோ 80,000 முதல் ஒரு லட்சம் வரை இருப்பர் என்பது மதிப்பீடு. காஞ்சனபுரியிலுள்ள படைவீரர் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர் உறங்குகின்றனர். வரிசை வரிசையாகக் கற்கள். பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள். தொழிலாளிக்கு அத்தகைய வரிசை இல்லை. கைதிகளின் தலைவர்கள் அடிபட்டும் பட்டினி கிடந்தும் இறந்தோர் பட்டியலை ஒளித்து எழுதி வைத்தனர். நம்மவருக்காக எழுதுவார் எவருமில்லை. இன்னும் கசப்பான ஒன்றையும் மறைத்தல் கூடாது. ஆள் பிடிக்கும் பெயர்ப்பட்டியை எழுதித் தந்த கை சில தோட்டங்களில் கிராணியின் கையே என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். போக வேண்டியவர் பெயரை எழுதிய பேனா, திரும்பி வராதவர் பெயரை எழுதவில்லை. அதே நாற்காலியில் இன்று அமர்ந்திருக்கும் நமக்கு இது வெட்கம் தரும் செய்தி.

காஞ்சனபுரியில் ஒரு பௌத்த ஆலயத்தில் மாண்ட தொழிலாளரின் எலும்புகள் சேர்த்துப் புதைக்கப்பட்டிருக்கின்றன. 2023ஆம் ஆண்டு அவ்விடத்தே தமிழர் நினைவாக நடுகல் ஒன்று எழுப்பப்பட்டது. எண்பதாண்டு தாழ்த்தாயினும், மறந்துபோன முறையொன்று உயிர்பெற்றது. முயன்ற அன்பர்களை எவ்வளவு பாராட்டினும் தகும். ஆனால், பல்லாயிரவருக்குச் சேர்த்து ஒரு கல் என்பது தொடக்கமேயன்றி முடிவன்று.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடுகளாகி வருகின்றன. கோயிலைக் காக்க நூறு பேர் திரள்கின்றனர். இடுகாட்டைக் காக்கப் பத்துப் பேர் வருவதில்லை. பழைய அலுவலகங்களின் அலமாரிகளில் செக்ரோல் புத்தகங்கள் கறையானுக்கு இரையாகின்றன. அவற்றில்தான் இன்னார் மகன் இன்னான் என்னும் பெயர்கள் இருக்கின்றன. தமிழ் இளைஞர் சங்கங்கள் ஆண்டுக்கொரு தோட்டத்தை எடுத்துக்கொண்டு, முதியோரைக் கேட்டும் புத்தகங்களைப் பார்த்தும் அப்பெயர்களைத் தொகுக்கலாம். திருவிழாச் செலவில் பத்திலொரு பங்கு போதும், அப்பெயர்களைப் பொறித்து இடுகாட்டு வாயிலில் ஒரு கல் நிறுத்தலாம். அதற்குப் பூசை வேண்டா, படையல் வேண்டா. படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும்.

பெங்காலான் கெம்பாஸிலிருந்து திரும்பிய மறுநாள், நம் அலுவலகத்துப் பழைய புத்தகம் ஒன்றை அலமாரியினின்று இறக்கித் தூசு தட்டினோம். முதற்பக்கம் கறையான் தின்றுபோயிற்று. இரண்டாம் பக்கத்தில் முப்பத்தொரு பெயர்கள் எஞ்சியிருந்தன. அவற்றைப் படியெடுத்து வைத்திருக்கிறோம்.