வழக்கறிஞர் உரிமை (அமெரிக்கக் குற்றவியல் நடைமுறை)

குற்றஞ்சாட்டப்பட்டவர் தமக்காக வாதாட வழக்கறிஞரை அமர்த்திக்கொள்வதும், வசதியற்றவர் அரசுச் செலவில் ஒருவரைப் பெறுவதும் அமெரிக்காவில் வழக்கறிஞர் உரிமை எனப்படும். அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் (1791) இதன் அடிப்படை.

தோற்றம்

இங்கிலாந்தில் கடுங்குற்ற வழக்குகளில் வழக்கறிஞர் முழுமையாக வாதாட 1836 வரை இடமில்லை. ராஜதுரோக வழக்குக்கு மட்டும் 1696இல் விலக்குக் கிடைத்தது. அமெரிக்கர்கள் அந்த வழக்கத்தைக் கைவிட்டனர். ஆயினும் சொந்தப் பணத்தில் அமர்த்திய வழக்கறிஞரை நீதிமன்றம் தடுக்கலாகாது என்பதே நெடுங்காலம் இத்திருத்தத்தின் பொருளாக இருந்தது. அதுவும் கூட்டாட்சி நீதிமன்றங்களையே கட்டுப்படுத்தியது. பெரும்பாலான குற்ற வழக்குகள் நடக்கும் மாநில நீதிமன்றங்களை அல்ல.

வளர்ச்சி

1931இல் அலபாமாவின் ஸ்காட்ஸ்பரோவில் 9 கறுப்பின இளைஞர்கள் மீது பாலியல் வன்முறைக் குற்றம் சுமத்தப்பட்டது. முறையான சட்ட உதவியின்றி, சில வாரங்களுக்குள் 8 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பவல் எதிர் அலபாமா (1932) தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அவர்களில் 7 பேரின் தண்டனையை ரத்து செய்தது. 1938இல் கூட்டாட்சிக் குற்ற வழக்குகளில் ஏழைகளுக்கும் வழக்கறிஞர் உறுதியானது. ஆனால் பெட்ஸ் எதிர் பிரேடி (1942) தீர்ப்பு, மாநிலங்களுக்கு அந்தக் கடமை பொதுவாக இல்லை என்றது. நீதிபதி ஹியூகோ பிளாக் அதை ஏற்காமல் மாறுபட்டார்.

கிடியன் வழக்கு

1961இல் புளோரிடாவின் பனாமா சிட்டியில் திருட்டு வழக்கில் சிக்கிய கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன், வழக்கறிஞர் கேட்டார். மரண தண்டனை வழக்குகளுக்கே அது உண்டு என மறுத்தது நீதிமன்றம். தாமே வாதாடித் தோற்று 5 ஆண்டுச் சிறை பெற்ற அவர், சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனு உச்ச நீதிமன்றத்தை எட்டியது. 1963 மார்ச் 18 அன்று 9 நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் நின்றனர். தீர்ப்பை எழுதியவர் அதே பிளாக். ஆகஸ்டில் மறுவிசாரணை நடந்தது. குற்றச்சாட்டும் நீதிபதியும் மாறவில்லை. இம்முறை வழக்கறிஞர் இருந்தார். கிடியன் விடுதலையானார். இவ்வுரிமை ஏன் தேவை என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

பிற்காலம்

காவலில் உள்ளவரை விசாரிக்கும்முன் போலீசார் இவ்வுரிமையைச் சொல்லவேண்டும் என்றது மிராண்டா தீர்ப்பு (1966). 1972 முதல், வழக்கறிஞர் மறுக்கப்பட்ட விசாரணையில் ஒருநாள் சிறைகூட விதிக்க முடியாது. வழக்கறிஞர் பெயரளவில் நின்றால் போதாது, திறம்பட வாதாட வேண்டும் என்பதற்கு ஸ்ட்ரிக்லண்ட் தீர்ப்பு (1984) அளவுகோல் வகுத்தது. பெரும்பாலான வழக்குகள் குற்ற ஒப்புதல் பேரத்திலேயே முடிவதால், 2012இல் அந்தப் பேரத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.