பாரி என்னும் குடும்பப் பெயர்

சென்னைக் கே.கே. நகரிலிருந்து பாரிமுனைக்குச் சென்றுவரும் மாணவர் பலர். அவ்விடத்தின் பெயரைக் கேட்டவுடன், முல்லைக்குத் தேர் ஈந்த பறம்புமலைத் தலைவன் பாரி அவர்தம் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் அம்முனைக்குப் பெயர் தந்தவர் அவ்வள்ளல் அல்லர். 1788-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து வாணிகம் தொடங்கிய தாமஸ் பாரி என்பவரே அவர். 1803-இல் கடற்கரையை அடுத்து அவர் வாங்கிய மனையே இன்று பாரிமுனையாக விளங்குகின்றது. 1824-இல் அவர் காலராவால் மாண்டார். அவர் பெயர் மட்டும் நிலைத்தது. அப்பெயர் எவ்வாறு பிறந்தது என்பதை இங்குக் காண்போம்.

இங்கிலாந்து மக்களுக்குக் குடும்பப் பெயர் என்பது தொன்றுதொட்டு இருந்ததன்று. ஒருவருக்கு ஒரு பெயர் என்பதே பழைய வழக்கம். 1066-இல் நார்மானியர் அந்நாட்டை வென்றபின், வில்லியம், இராபர்ட், ஹென்றி, ஜான் முதலிய சில பெயர்களே எங்கும் பரவின. ஓர் ஊரில் பத்து ஜான்கள் இருந்தால் வரி தண்டுவோன் யாரை அழைப்பான்? நிலத்தைத் தந்தைக்குப்பின் பெறுபவன் இன்னான் என்று எவ்வாறு காட்டுவது? ஆகவே பெயரோடு ஓர் அடையைச் சேர்த்தனர். அவ்வடை ஊரால் வரும், தொழிலால் வரும், தந்தை பெயரால் வரும், உடலின் தோற்றத்தாலும் வரும். குன்றின் அருகே வாழ்ந்தவன் ஹில், கொல்லன் ஸ்மித், ஜானின் மகன் ஜான்சன், குட்டையானவன் ஷார்ட்.

இவ்வழக்கம் நமக்குப் புதியதா? சங்கப் புலவர் பெயர்களை நோக்குங்கள். ஆலத்தூர் கிழார் ஊரால் பெயர் பெற்றார். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் ஆடை விற்கும் தொழிலால் அறியப்பட்டார். நரைமுடி நெட்டையார் என்னும் பெயரில் தோற்றமே தெரிகின்றது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் பெயரிலோ ஊர், தந்தை, தாம் என்னும் மூன்றும் அமைந்துள்ளன.

ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. நம் நாட்டில் அடை ஒவ்வொரு தலைமுறையிலும் மாறியது. இங்கிலாந்தில் அது உறைந்துவிட்டது. ஸ்மித்தின் பேரன் தையற்காரனானாலும் ஸ்மித்தே. ஏறக்குறைய 1400-க்குள் இங்கிலாந்துக் குடும்பங்களுள் பெரும்பாலானவை இவ்வாறு நிலையான பெயரைப் பெற்றன.

தாமஸ் பாரியின் தாயகமாகிய வேல்ஸ் நாடு நெடுங்காலம் இந்நெறியை ஏற்கவில்லை. அங்கு 'ஆப்' என்றால் மகன். ஹாரியின் மகன் தாமஸ், தாமஸ் ஆப் ஹாரி எனப்படுவான். அவன் மகன் ஜான், ஜான் ஆப் தாமஸ் ஆவான். நம் தலைப்பெழுத்தைப்போலவே பெயர் தலைமுறைதோறும் நகர்ந்து சென்றது. 1536, 1543-ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் எட்டாம் ஹென்றி மன்னர் வேல்சை இங்கிலாந்தோடு இணைத்தார். முறைமன்றங்களில் ஆங்கிலமே ஆட்சி செலுத்தியது. நீண்ட தந்தைவழிப் பெயர்கள் ஆங்கில எழுத்தர்க்குத் தொல்லையாயின. முதலில் செல்வரும், பின்னர் மெல்ல மெல்லப் பொதுமக்களும் ஒரே பெயரில் நின்றனர். 'ஆப் ஹாரி' என்பதில் முதலிலுள்ள ஆகாரம் உதிர்ந்தது; பகரம் ஹாரியோடு ஒட்டிப் பாரி ஆயிற்று. ஆப் ரீஸ் பிரைஸ் ஆனதும், ஆப் ஹௌவெல் பவல் ஆனதும் இம்முறையிலேயே.

அம்மன்னரின் குலப்பெயராகிய டியூடரும் இத்தகையதே. அவர் முன்னோர் ஓவன் என்பவர், ஓவன் ஆப் மெரடித் ஆப் டியூடர். தந்தை பெயரில் சங்கிலியை அறுத்திருந்தால், இங்கிலாந்தை ஆண்டது மெரடித் குலம் எனப்பட்டிருக்கும். பாட்டன் பெயரில் அறுந்தமையால் அது டியூடர் குலமாயிற்று. குடும்பப் பெயர் என்பது ஓடிக்கொண்டிருந்த பெயர் ஒருநாள் நின்ற இடமே.

இது பிறநாட்டுக் கதை என்று விட்டுவிட இயலாது. கே.கே. நகரிலுள்ள பி.டி. ராஜன் சாலையை எண்ணுங்கள். 1936-இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராயிருந்த பொன்னம்பல தியாகராஜன் பெயரை அது தாங்கியுள்ளது. அவர் மகன் பழனிவேல் ராஜன் தம் பெயர்முன் பி.டி.ஆர். என்று எழுதினார், பேரனும் அம்மூன்றெழுத்தையே தாங்கினார். தலைப்பெழுத்து குடும்பப் பெயராக உறையும் காட்சி இது.

1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரின் இறுதியிலுள்ள சாதிப் பட்டத்தை விடுமாறு தீர்மானித்தது. அதன்பின் தலைப்பெழுத்தும் பெயருமே தமிழரின் பொது வழக்காக ஓங்கின. இன்று வெளிநாடு செல்லும் மாணவனிடம் விண்ணப்பப் படிவம் குடும்பப் பெயரைக் கேட்கின்றது. அவன் தந்தை பெயரை எழுதுகின்றான். அங்குள்ளோர் அவனைத் தந்தை பெயராலேயே அழைக்கின்றனர். அங்கு அவனுக்குப் பிறக்கும் குழந்தைக்கும் பாட்டன் பெயரே பின்பெயராகலாம். நானூறு ஆண்டுகட்குமுன் ஆங்கில எழுத்தர்முன் நின்ற வேல்ஸ் உழவனின் நிலையும் இதுவே.

ஆதலின் அப்படிவத்தை நிரப்புமுன் மாணவர் சற்றே சிந்தித்தல் நன்று. அங்கு எழுதும் ஒரு சொல் வழிவழியாக நிற்கக் கூடும். எப்பெயர் நிற்க வேண்டும் என்பதை எழுத்தர் முடிவு செய்தலினும், பெயருக்கு உரியவர் முடிவு செய்தலே முறை.